இரண்டு மூடி வண்டி எண்ணெய்

கூகைமலை ஆசிரமத்துக் காருக்கு முப்பத்திரண்டு வயது. மேட்டில் அது மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் பலாமரத்துக் குரங்குகள் இறங்கி வந்து தள்ளிவிடும் என்பார்கள். அது சுத்தப் பொய். தள்ளியது இரண்டு குரங்குதான். மற்றவை வேடிக்கை பார்த்தன.

ஆசிரமத்தின் குருவை லாரிச் சாமி என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். லாரியை ஏன் விட்டார் என்பதற்கு மலையில் ஏழு கதைகள் உண்டு. அதில் ஒரு கதைப்படி லாரிதான் அவரை விட்டது. வயது ஐம்பத்தொன்று.

சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தாறு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தன்னைவிட மூத்தவர் என்பதால் குரு அவரை ஐயா என்பார். குரு என்பதால் அவர் இவரைச் சாமி என்பார். யார் முதலில் கும்பிடுவது என்று தெரியாமல் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கும்பிட்டுக்கொள்வார்கள்.

அது மழை விட்ட வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தணிகாசலம் ஷெட்டைத் திறந்தார். காருக்கு அடியில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

நேராகக் குருவிடம் போனார்.

“சாமி, வண்டிக்கு அடியில ஏதோ கசியுது.”

“ஒழுகுதா?”

“ஒழுகல் வேற, கசிவு வேற சாமி. ஒழுகினா தாரை இருக்கும். இது கசிவு.”

“வண்டி உங்ககிட்ட இலக்கணம் படிக்கலையே ஐயா. வாங்க, பார்ப்போம்.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த ஞானப்பிரகாசம்.

ஞானப்பிரகாசம் தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருடம் இலை வாட்டியவர். தனி ஆள். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆசிரமத்துக் காரில் மலையிறங்கி, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவார். செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் அந்த முறை தவறிப்போயிற்று. இன்றைக்கு ஒரு ஓரம் திறந்திருந்தது. பஸ் போகாது, சின்ன வண்டி போகும். அவருக்குக் கால் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தார். சொன்ன குரலில் கெஞ்சல் இருந்தது. கீழே போக இரண்டு மணி நேரம். ஆம்புலன்ஸ் அடுத்த மலையில் இருந்தது. அது மேலே வந்து சேரவே பகல் ஒரு மணி ஆகிவிடும் என்றார்கள்.

சாமி குனிந்து ஈரத்தைப் பார்த்தார்.

“எங்கேயிருந்து வருதுன்னு எப்படிச் சாமி கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார் தணிகாசலம்.

“முதல்ல துடைங்க.”

“துடைச்சா அடையாளம் போயிடுமே.”

“பழைய ஈரம் பொய் சொல்லும் ஐயா. தரை சாஞ்ச பக்கம் ஓடிப் போய் நின்னுக்கிட்டு, இங்கதான் விழுந்தேன்னு சாதிக்கும். துடைச்சுட்டு வெள்ளைத் தாளைப் போடுங்க. புதுச் சொட்டு விழட்டும்.”

தணிகாசலம் துடைத்தார். போன வருடத்துக் காலண்டரைக் கிழித்து, சாமி படங்களெல்லாம் தரையைப் பார்க்கத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வண்டிக்கு அடியில் வரிசையாகப் பரப்பினார். பிரேக்கை நாலு தடவை மிதிக்கச் சொன்னார் சாமி. மிதித்தார். பிறகு இரண்டு பேரும் குத்தவைத்துக் காத்திருந்தார்கள்.

ஞானப்பிரகாசம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு அடி நடந்ததற்கு நாற்பது அடியின் மூச்சு.

“வாத்தியாரே, வண்டிக்கும் கிட்னி போச்சா?”

“பேசாம இருங்க. மூச்சு வாங்குது.”

“கூட்டிட்டு வாங்க அதையும். பக்கத்துக் கட்டில்ல போட்டுடலாம்.”

கால் மணி நேரத்தில் இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு உள்ளே, தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மற்றத் தாள்கள் காய்ந்து கிடந்தன.

சாமி விரலில் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்தார்.

“தண்ணி இல்லை, வழுக்குது. பெட்ரோல் இல்லை, வாசனை வேற. என்ஜின் பக்கம் காய்ஞ்சு கிடக்கு. இந்த இடத்துல ரெண்டுல ஒண்ணுதான் வரும். பின்பக்க அச்சுல இருக்கிற ஆயிலா இருந்தா பயமில்லை, போயிட்டு வந்து பார்த்துக்கலாம். பிரேக் ஆயிலா இருந்தா இந்த வண்டி இப்படியே மலை இறங்கக் கூடாது.”

“எதுன்னு எப்படித் தெரியும்?”

“கிண்ணத்துல தண்ணி எடுத்துக்கிட்டு அதுல ரெண்டு சொட்டு விடுங்க. அச்சு ஆயில் மேல மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணியோட கரைஞ்சுடும்.”

“எண்ணெய் எப்படிச் சாமி தண்ணியில கரையும்?”

“பேருதான் ஐயா ஆயில். அது எண்ணெயே இல்லை. மருந்து மாதிரி ஒண்ணு. நீங்க பாருங்க, நான் ஃபாக்டரி ஃபிட்டருக்கு ஒரு போன் போட்டுட்டு, இவருக்குச் சட்டையை மாத்திவிட்டுட்டு வரேன்.”

சாமி ஞானப்பிரகாசத்தைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்.

தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். அது எண்ணெயே இல்லை. அந்தச் சொல் அவரை எங்கேயோ இடித்தது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தார். தாளை மடித்து இரண்டு சொட்டு விட்டார்.

பாதி கரைந்தது. பாதி மிதந்தது.

மிதந்த பாதி, மழைக்காலத்து ரோட்டில் தெரியுமே, அப்படி ஏழு நிறம் காட்டிக்கொண்டு மெல்ல விரிந்தது. தணிகாசலம் கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தார். கலக்கிப் பார்த்தார். அது உடைந்து சின்னச் சின்ன வட்டங்களாகி மறுபடி ஒன்று சேர்ந்தது.

அப்போது பிடிபட்டது.

பத்து நாளைக்கு முன்னால் டிரைவர் அங்குராஜ், வண்டி ஓட்டும் வேலையைத் தணிகாசலத்திடம் ஒப்படைத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். போகும்போது சொன்னான்: “பானெட்டுக்குள்ள ஒரு சின்ன டப்பா இருக்கும் ஐயா. பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா ஸ்டோர்ல இருக்கு, ரெண்டு மூடி ஊத்துங்க.”

ஸ்டோரில் இருந்த எல்லாவற்றுக்கும் தணிகாசலம் வந்த முதல் மாதமே தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். விளக்கெண்ணெய். நல்லெண்ணெய். மண்ணெண்ணெய். வண்டிக்கு உரியவை இரண்டு இருந்தன. ஒரு பெரிய டின், ஒரு சின்ன பாட்டில். இரண்டிலும் ஆயில் என்றுதான் சொன்னார்கள். இரண்டின் மேலும் இருந்த ஆங்கிலத்தை மறைத்து, அழகான கையெழுத்தில், ‘வண்டி எண்ணெய்’ என்று ஒட்டிவிட்டார். ஊற்ற வேண்டிய நாளில் எது நிறைய இருந்ததோ அதை எடுத்தார். பெரிய டின். என்ஜினுக்கு ஊற்றும் ஆயில். இரண்டு மூடி. நாலு நாள் கழித்து இன்னும் இரண்டு மூடி.

கிண்ணத்தைச் செம்பருத்திச் செடியின் அடியில் கவிழ்த்தார். அந்தச் செடி அதற்கப்புறம் மஞ்சளாகத்தான் பூத்தது என்று ஆசிரமத்தில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

சாமி திரும்பி வந்தார்.

“என்ன ஐயா ஆச்சு?”

“கரைஞ்சது சாமி.”

“அப்ப பிரேக் ஆயில்தான். ஃபிட்டர் வேலாண்டி வரேன்னுட்டார். வீல் கழட்டிப் பார்க்கட்டும்.”

கரைந்தது என்பது பொய்யில்லை. நாற்பது வருடம் மாணவர்களின் விடைத்தாளில் பாதி எழுதியதற்குப் பாதி மதிப்பெண் போட்டவர் அவர். சாமி உள்ளே போன பிறகும் வாய் கசந்தது.

எட்டரைக்குக் கேட்டில் ஹாரன் சத்தம். பால் வண்டி. கேட்டின் பக்கத்தில் இருந்தவர் தணிகாசலம்தான். பால் வண்டி மாரப்பன் தலையை நீட்டினார்.

“வாத்தியாரய்யா, முன் சீட்டு காலியா இருக்கு. கீழ யாராச்சும் வரீங்களா? இதை விட்டா இன்னைக்கு வண்டி இல்லை.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். ஆள் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், உங்க வண்டிக்கு என்ன என்று மாரப்பன் கேட்பார். ஃபிட்டர்தான் வருகிறாரே என்பார் சாமி. அப்புறம் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் இரண்டு மூடியைச் சொல்ல வேண்டும். வேலாண்டி கெட்டிக்காரர். வீலைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

“நம்ம வண்டி இருக்கு. ஃபிட்டர் வந்துக்கிட்டிருக்கார்.”

“சரிங்க.”

பால் வண்டி போயிற்று. முதல் வளைவில் அதன் சத்தம் கேட்டது. இரண்டாவது வளைவில் கேட்டது. மூன்றாவதில் இல்லை.

“யாரு ஹாரன் அடிச்சது?” உள்ளேயிருந்து சாமி.

“பால் வண்டி சாமி.”

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“அடடா. சரி, வேலாண்டி வரட்டும்.”

வேலாண்டி பைக்கில் வந்து இறங்கினார். ஜாக்கி போட்டார். வீலைக் கழற்றினார். டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே எல்லாம் நனைந்து பளபளத்தது. ஒரு சின்ன ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னய்யா இது, ரப்பர் இட்லி மாதிரி உப்பியிருக்கு. யாராச்சும் எதையாச்சும் ஊத்தினீங்களா?”

கேள்வி யாரையும் பார்த்துக் கேட்கப்படவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றது ஒருவர்தான்.

“பிரேக்குக்கு ஆயில்தான் ஊத்தினோம்,” என்றார் தணிகாசலம்.

“அதை ஊத்தினா உப்பாதே. பழைய ரப்பரா இருக்கும். எங்கிட்ட ஒரு செட்டு இருக்கு, மாத்திடுறேன். பத்து மணிக்குள்ள கிளம்பிடலாம்.”

பக்கத்தில் நாற்காலியில் ஞானப்பிரகாசம் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். சாமி அவர் முதுகைத் தடவியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை நாக்பூர்ல இருந்து வரேன். லாரிக்கு அடியில ஒழுகுது. ரேடியேட்டரை மாத்தினேன். ஒழுகுது. ஐதராபாத்ல என்ஜின் ஆயில் தொட்டியைக் கழட்டி மாட்டினேன். ஒழுகுது. கர்னூல்ல டீசல் டேங்க். ஒழுகுது. ரோட்டுல கோடு போட்ட மாதிரி நாக்பூர்ல இருந்து அறுநூறு மைலுக்கு ஈரம். பின்னாடி வந்த லாரிக்காரங்கெல்லாம் வழி கேக்காம என் கோட்டைப் பிடிச்சே ஊர் வந்து சேர்ந்துட்டாங்க.”

“அளக்காதீங்க சாமி,” என்றார் ஞானப்பிரகாசம். “எனக்குச் சிரிக்க மூச்சு இல்லை.”

“கேளுங்க. உளுந்தூர்பேட்டையில இறங்கி நாக்கால தொட்டுப் பார்த்தேன். இனிப்பு. மேல இருந்தது ஆரஞ்சுப் பழம். அடியில இருந்த பெட்டிகள்ல அழுகின பழத்தை வச்சு, மேல நல்லதைப் பரப்பி ஏத்தியிருக்கான். வண்டியில நான் கழட்டாத நட்டு இல்லை. ஏத்தினவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாக்பூர்லயே முடிஞ்சிருக்கும்.”

தணிகாசலத்துக்குக் காது சுட்டது. சாமி அவர் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாததே போதுமாக இருந்தது. தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கவிழ்த்ததைப் பார்த்திருக்கிறார். இந்தக் கதை எனக்குச் சொன்னது.

அவர் எழுந்து சாமியின் அருகில் போனார். நின்றார். சாமி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ஐயா?”

“ஒண்ணுமில்லை சாமி. மணி ஒன்பதேகால்.”

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேலாண்டி வீலை மாட்டினார். பிரேக்கை மிதித்துக் காட்டினார். பெடல் பாதியில் கெட்டியாக நின்றது.

“கல்லு மாதிரி நிக்குது. கிளம்புங்க.”

சாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டின் கதவைத் திறந்தார்.

“சாமி, நான்தானே ஓட்டுறது?” என்றார் தணிகாசலம்.

“ஐயா, மண் சரிஞ்ச பாதை. இன்னைக்கு நான் ஓட்டுறேன்.”

ஞானப்பிரகாசத்தைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். சாமி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே நின்றுகொண்டிருந்த தணிகாசலத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“நீங்க ஏறுறீங்களா?”

இரண்டே சொல். தணிகாசலம் அந்தச் சொற்களைப் பதம் பிரித்தார். நீங்கள் ஊற்றிய எண்ணெயை நம்பி நீங்கள் ஏறுவீர்களா என்று கேட்கிறார். ஏறாவிட்டால் காரணம் கேட்பார். ஏறினால்?

ஏறினார்.

கார் ஷெட்டைவிட்டு வெளியே வந்தது. முற்றத்தில் ஒருமுறை பிரேக் போட்டுப் பார்த்தார் சாமி. நின்றது. கேட்டை நோக்கிப் போனது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு தலைகுப்புறக் கீழே இறங்கும். பதினேழு வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

ஞானப்பிரகாசத்தின் தலை தணிகாசலத்தின் தோளில் சாய்ந்தது. கனமான, சூடான தலை.

“வாத்தியாரே.”

“சொல்லுங்க.”

“உங்க நெஞ்சு என் நெஞ்சை விட வேகமா அடிக்குது. உங்களுக்கும் ஒரு கட்டில் சொல்லிடவா?”

முன்சக்கரம் கேட்டைத் தாண்டியது.

“நிறுத்துங்க சாமி,” என்றார் தணிகாசலம்.

சாமி மிதித்தார். கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் திரும்பினார்.

“கிண்ணத்துல பாதிதான் கரைஞ்சது. பாதி மிதந்தது. நான் பிரேக் டப்பாவுல என்ஜின் ஆயிலை ஊத்தியிருக்கேன். பத்து நாள்ல ரெண்டு தடவை. ரெண்டு ரெண்டு மூடி.”

சாமி இறங்கி, ஒரு கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வேலாண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

வேலாண்டி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் மாறியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். கெட்டியாக நின்றது. மிதித்தார். நின்றது. விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தார். பத்துப் பன்னிரண்டாவது மிதியில் கால் மெதுவாக, தடையே இல்லாமல், தரைவரைக்கும் போய்விட்டது.

வேலாண்டி காலை எடுக்காமல் அதையே பார்த்தார்.

“பின்வீல் ரப்பர் மட்டுமில்லை சாமி. எல்லா வீல்லயும், மேல பெரிய சிலிண்டர்லயும் உப்பி ஊறிக் கிடக்கும். அத்தனையும் மாத்தி, லைனையே கழுவணும். ரெண்டு நாள் வேலை. இப்ப இறங்கியிருந்தா மூணாவது வளைவு.”

பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

“இன்னொண்ணு இருக்கு சாமி,” என்றார் தணிகாசலம். “எட்டரைக்குப் பால் வண்டியில இடம் இருந்தது. மாரப்பன் கேட்டார். நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன். அப்பவே எனக்குத் தெரியும்.”

ஞானப்பிரகாசம் கண்ணை மூடியபடியே இருந்தார். பிறகு சொன்னார்:

“பால் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. வாத்தியார் அதை ஞாபகம் வச்சிருக்கார்.”

தணிகாசலம் அவர் கையைப் பிடித்தார். ஞானப்பிரகாசம் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சாமி மணியைப் பார்த்தார். பத்தேகால்.

“பைக்ல இவரால உக்கார முடியாது. கூலிப் படி வழியாப் போனா?”

“தூக்கிக்கிட்டா?” என்றார் வேலாண்டி. “ரெண்டு மணி நேரம் ஆகும். கீழ ஆட்டோ கிடைக்கும்.”

“ஆளுங்களைக் கூப்பிடுங்க.”

கூலிப் படி என்பது ரோடு வருவதற்கு முன்னால் தேயிலை மூட்டை சுமந்தவர்கள் வெட்டிய வழி. அதில் எத்தனை படி என்று எண்ணப் போன இரண்டு பேர் இதுவரை ஒரே எண்ணிக்கையைச் சொன்னதில்லை. ஒருவர் எண்ணிக்கொண்டே போய்ப் பக்கத்து மாநிலத்தில் வெளியே வந்தார். ஃபாக்டரியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டினார்கள். ஞானப்பிரகாசத்தை வைத்துத் துண்டால் கட்டினார்கள். தூக்கினார்கள்.

தணிகாசலம் முன் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். முப்பது படி தாங்கினார். கால் வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு நிமிஷம் எல்லாரும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஐயா, விடுங்க,” என்றார் சாமி. “குடையைப் பிடிங்க.”

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். மறுபடி பிடித்துக்கொண்ட தூறல் நாற்காலியின் மேல் படாமல் பார்த்துக்கொண்டார். இடையில் ஓரிடத்தில் ஞானப்பிரகாசம் பேச்சை நிறுத்திவிட்டார். உதடு நீலமாகத் தெரிந்தது. சாமி ஒவ்வொரு பத்துப் படிக்கும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு தடவையும் விரலை மட்டும் ஆட்டினார். ஒரு தடவை ஆட்டவில்லை. தணிகாசலம் குடையைப் போட்டுவிட்டு அவர் மூக்கின் முன்னால் கையை வைத்தார்.

“இருக்கேன்,” என்றார் ஞானப்பிரகாசம். “குடையை எடுங்க வாத்தியாரே. நனையுது.”

அடிவாரத்தில் ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால். தணிகாசலம் நர்ஸிடம், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, “தாமதத்துக்கு நான்தான் காரணம்,” என்றார். நர்ஸ், “தள்ளி நில்லுங்க ஐயா,” என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடியது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்.

“தண்ணி நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது. இப்ப இறங்குது. வாத்தியார் யாரு? சாப்பிட்டாரான்னு கேக்கச் சொன்னார்.”

தணிகாசலம் சாப்பிட்டிருக்கவில்லை. சாமி கான்டீனிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தார். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சாமி தன் டீயைப் பாதி குடித்துவிட்டார். தணிகாசலத்தின் டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“என்ன?”

“நான் மறைச்சது. கிண்ணத்தைக் கவிழ்த்தப்பவா? ஆரஞ்சுக் கதையை எனக்காகத்தானே சொன்னீங்க?”

“அது அவருக்கு மூச்சுத் திணறல் தெரியாம இருக்கச் சொன்னது.”

தணிகாசலம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப, நீங்க ஏறுறீங்களான்னு கேட்டது? அது என்னைச் சோதிக்கத்தானே?”

“பின் சீட்டுல அவரைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ல ஐயா. அதுக்குக் கேட்டேன்.”

வராந்தாவில் யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தணிகாசலம் காலை ஒதுக்கி அதற்கு வழிவிட்டார்.

“உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?”

“நீங்க கரைஞ்சதுன்னு சொன்னீங்க. கரைஞ்சதுன்னு நினைச்சேன்.”

“கேட்டுல நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா, சாமி?”

சாமி மீதி டீயைக் குடித்தார்.

“போயிருப்போம்.”